ஒரு பக்கம் மட்டும்

பத்தி நான்கு, உட்பிரிவு இ:
ஓர் எளிய இயந்திரம் செய்து முடித்த வேலை
வேறு வகை எளிய இயந்திரம் ஒன்றைத்
தொடக்கிவைக்க வேண்டும்.
இவ்வளவுதான்.
நானும் ஐலி நீமெலாவும்
அக்டோபரிலிருந்து இதைத்தான் படித்துக்கொண்டிருந்தோம்.

வேறு வகை என்றால் எவ்வளவு வேறு?
தண்டைச் சுற்றிக்கொண்ட சாய்தளம், திருகு.
முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு சாய்தளம், ஆப்பு.
கப்பியோ சக்கரத்துக்குப் பங்காளி.
தோண்டத் தோண்ட
ஆறு இயந்திரங்களும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன.
"அப்படிப் பார்த்தால்
மூனிசிங்கிலிருந்து மார்க்வெட் வரை
ஒருவருக்கும் மதிப்பெண் கிடையாது" என்றாள்,
விரலில் உலர்ந்த பசையை உரித்துக்கொண்டே.

குழுவுக்குக் கடிதம் எழுதினோம்.
பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது:
சொற்களுக்கு வழக்கமான பொருளே பொருள்.
யாருடைய வழக்கம்?
ஐலியின் அப்பாவுக்கு
வண்டிக் கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமல்
அடியில் செருகும் கட்டைதான் ஆப்பு.
ரொட்டிக்கடை நடத்தும் என் அம்மாவுக்கு
அப்படி ஒரு சொல்லே தேவைப்பட்டதில்லை.
கத்தி என்பாள், போதும்.

பிப்ரவரி. மார்க்வெட் பள்ளியின் கூடைப்பந்துத் தளம்.
வெளியே சுப்பீரியர் ஏரி
கரையோரம் மட்டும் உறைந்திருந்தது.
எங்கள் பெட்டிக்குள்
கோலி சரிந்தது,
கரண்டி நெம்பியது,
நூல் கப்பியில் ஓடிப்
பித்தளை எடையை இறக்கியது,
இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே
ஆப்பு இறங்கியது,
கட்டை விலகியது, கொடி எழுந்தது.
நாற்பத்தோரு நொடி.
ஐலி என் கையைக் கிள்ளிவிட்டாள்.

நடுவர் பெல்லெரின்
வார நாட்களில் தாதுத்துறையில் கிரேன் ஓட்டுபவர்.
குனிந்து பார்த்தார்.
இடது கட்டையை விரலால் தொட்டார்.
அசையவில்லை.
ஜனவரியில் அது சும்மாசும்மா விழுந்ததால்
நான்தான் பசை போட்டு ஒட்டியிருந்தேன்.
"ஒரு பக்கம்தான் விலகுது.
இது பிளக்கலை, தள்ளுது.
சாய்தளம். ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."
பென்சிலால் ஒரு கோடு.
ஐம்பது புள்ளி அந்தக் கோட்டுக்குக் கீழே போனது.

நான்கு மேசை தள்ளி ஐயன்வுட் அணி.
அவர்களுடைய ஆப்பும்
அசையாத சுவரோரமாகத்தான் இறங்கியது.
அந்த மேசை நடுவர் எண்ணிக்கொண்டார்.

முறையீட்டுப் படிவம். பதினைந்து நிமிடம்.
"அவங்களுக்குக் குடுத்தாங்களே, அதை எழுது" என்றேன்.
ஐலி எழுதவில்லை.
பென்சிலின் பின்முனையைக் கடித்தாள்.
பிறகு ஒரே வரி:
ஒரு பக்கம் மட்டும் விலகினால் அது ஆப்பா, ஆப்பு இல்லையா?
ஐயன்வுட் என்ற சொல் அதில் இல்லை.
இல்லாததால் தப்பிவிடும் என்று
இருவரும் நம்பினோமா, தெரியாது.

பதில் மேடையிலிருந்து வந்தது.
இல்லை. எந்த மேசையிலும் இல்லை.
மூன்றாம் இடத்திலிருந்த ஐயன்வுட்
ஐந்துக்கு இறங்கியது.
நாங்கள் ஏழு. முன்பும் ஏழு.

பல்லில் கம்பி போட்ட ஒரு பெண்
அவர்கள் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றினாள்,
குழந்தையைச் சுற்றுவதுபோல அல்ல,
உடைந்த தட்டைச் சுற்றுவதுபோல.
எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஆப்பு எது என்று அரை ஆண்டு தேடினோம்.
வைத்த பிறகுதான் தெரிந்தது.

திரும்பும் வழியில்
முன்னால் பனி வாரும் வண்டி.
அகல இரும்புத் தகடு சாலையைச் சுரண்டிக்கொண்டே
பனியை வலப்பக்கமாக மட்டும் ஒதுக்கியது.
"சாய்தளம்" என்றேன், பேச்சு கொடுக்க.
ஐலி பதில் சொல்லவில்லை.
ஆபர்ன் ட்ரெயின் தாண்டிய பிறகு
கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தாள்.
"ஆனா வெஸ்,
நாம போறதுக்கு வழி விட்டிருக்கே."

படிவத்தின் நகலை மடியில் விரித்துப்
பின்பக்கம் திருப்பினாள்.
வண்டி குலுங்கியதில் எழுத்து கோணியது:
கேள்வி இரண்டு.