பக்கம் மூன்று

"வண்டி உண்டா?" என்கிறது பாரம்.
உண்டு என்றால் முழுப்பொய் இல்லை,
இல்லை என்றால் முழுமெய் இல்லை.
லூனாஸ் கடைத்தெருவில்
கியான் ஹோவின் மேசை இழுப்பில்
கிராண்டும் இரண்டாம் சாவியும் படுத்திருக்கின்றன.
இதே வேனின் கியர்பாக்ஸ் செய்ய
இதே வேனைத்தான் வைத்தேன்.

இன்சால்வென்சி ஆபீஸ் பெண் சொல்கிறாள்:
"மத்த கடன்காரங்க வரிசையில நிப்பாங்க, அங்கிள்.
இவரு நிக்கமாட்டாரு.
நேரா வண்டிகிட்ட போவாரு."

இன்று விடியலில்
செம்பனைத் தோட்ட லயத்தில் ஹாரன் அடித்தேன்.
பதினொரு பிள்ளைகள்.
துவாரகா மட்டும்
ஒற்றைச் சப்பாத்தோடு ஓடிவந்தாள்.
அவள் ஏறும்வரை எஞ்சினை அணைக்கவில்லை;
அணைத்தால் திரும்பப் பிடிக்காது.

எழுதுகிறேன்:
நிறம், வெள்ளை.
நிலை, ஓடுகிறது.