பதினாலாம் கேள்வி

எட்டாம் கேள்வி: நோக்கம்.
எதற்காக என்று எழுத
அவர்கள் விட்டிருக்கும் இடம்
என் சுண்டுவிரல் நீளம்.

நைத்திரிக் அமிலம், அறுபத்தெட்டு வீதம்,
முப்பத்தைந்து கிலோக் கலன்கள் நாற்பது.
காங்கேசன்துறையில் நின்று கூப்பிட்டால்
கேட்டுவிடும் போலிருக்கிற கரையில் ஏறி
கொழும்பு வரை இறங்கிப் போய்
ஏ ஒன்பதால் திரும்ப ஏறி வரவேண்டும்
அச்சுவேலிக்கு.
அதற்கு முன்னால் நான்கு கடிதம், இரண்டு சத்தியக் கடதாசி,
கிராம அலுவலரின் முத்திரை,
பாதுகாப்பு அமைச்சில் பெயர் சொல்லாத ஒரு குரல்:
"யாழ்ப்பாணத்துக்கு ஏன் இவ்வளவு அமிலம்?"

"சேர், இங்கே கலியாணங்கள் நடக்கின்றன" என்றேன்.

கஸ்தூரியார் வீதியில் சிவகடாட்சம்
பழைய காப்பை, அறுந்த சங்கிலியை,
கனடாவிலிருந்து வந்த ஒற்றைத் தோட்டை
அமிலத்தில் போடுவார்.
செம்பு பச்சையாய்க் கரைந்து போகும்.
அடியில் மண் மாதிரி மிஞ்சுவது பொன்.
இதையெல்லாம் சுண்டுவிரல் நீளத்தில் எழுத ஏலாது.
"பொன் சுத்திகரிப்பு" என்று மட்டும் போட்டேன்.

நான் பிறந்த வருடம்
யூரியாவும் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தன.
ஆகவே இந்தக் கேள்வி எனக்குப் பழசு.
கேட்கிற குரல்தான்
இப்போது "மிஸ்" என்கிறது.

களஞ்சியம் பார்க்க விஜேகோன் வந்தார்.
மெலிந்த மனிதர், கையில் மழைக்குடை, மழை இல்லை.
குண்டு செய்வீர்களா என்ற முகத்தை
எதிர்பார்த்து நின்றேன், பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.
அவர் எமிலின் கையைப் பார்த்தார்.

மாசியில் பட்டது. மணிக்கட்டு முழுக்க மஞ்சள்,
தோல் உரிந்து போகும்வரை போகாத மஞ்சள்.
"மாப்பிள்ளைக்குப் பூசினது" என்று
எங்களைச் சிரிக்க வைத்திருந்தான்.
அந்தப் பகிடியை அவருக்கு
ஒருவரும் சிங்களத்தில் சொல்லவில்லை.

"எங்கே கழுவினது?"
"கிணத்தடியில, சேர்."

விஜேகோன் நடந்தார். வாய்க்குள் எண்ணிக்கொண்டு
கலன் அடுக்கிலிருந்து கிணற்றுக் கட்டு வரை.
அறுபத்தொன்று.
திரும்பி வந்து
சுவரில் புதிதாய் மினுங்கிய கண் கழுவும் குழாயைத்
திறந்தார்.
காற்று சீறியது.
பிறகு ஒரு பல்லி முட்டை, அரிசி நிறத்தில்.

பதினாலாம் கேள்வி: அவசரக் கண் கழுவும் வசதி உண்டா?
உண்டு என்று சரி போட்டிருந்தது
என் பேனா. என் மை. என் அவசரம்.
குழாய் உண்டுதானே என்று
அன்றைக்கு எனக்கு நானே சொன்னதும் நினைவிருக்கிறது.

பத்தொன்பது நாள் கொள்கலன் துறைமுகத்தில் நின்றது.
தாமதக் கூலி டொலரில்.
"ஒரு முழக் குழாய்க்காக" என்று
முதலாளி துஷ்யந்தன் மேசையில் அடித்தார்.
சிவகடாட்சம் நாளுக்கு இரண்டு முறை எடுத்தார்:
"பிள்ளை, ஆவணி முகூர்த்தம் வருது."
எமில் ஒன்றும் சொல்லவில்லை.
பம்பு வாங்கி வந்து, மண் வெட்டி,
மஞ்சள் கையால் குழாய் பதித்தான்.

படிவம் மறுபடி வந்தது.
எட்டில் "பொன்" என்று எழுதினேன், ஒரு சொல் போதும்.
பதினாலில் பேனா நின்றது.

எழும்பிப் போய்க் குழாயைத் திறந்தேன்.
குனிந்து, இரண்டு கண்ணையும் விரித்து,
வருகிற தண்ணிக்குக் கொடுத்தேன்.
எங்கள் கிணறு உவர். கரித்தது.
பதினைந்து நிமிடம் என்கிறது தரவுத் தாள்.
எனக்கு நாற்பது வரைக்கும்தான் எண்ண முடிந்தது.

ஈர முகத்தோடு வந்து
சரி போட்டேன்.
தாளில் ஒரு சொட்டு விழுந்து
முத்திரையின் நீலம் கொஞ்சம் பரவியது.
அதற்காகத் திருப்பி அனுப்பினால்
அனுப்பட்டும்.