தூண்டுதலோ நிர்ப்பந்தமோ இன்றி

எட்டரை மணித் தொடரை எழுதுதவரே,
ஒம்ம பேரு முழுசா ஓடுமுன்னே விளம்பரம் வந்துருது;
அதனால வெறும் 'வே'ன்னே கூப்பிடுதேன், கோவிச்சுக்கிடாதேயும்.
நானும் எழுத்துக்காரன்தான்.
சேரன்மகாதேவி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதுத்தாப்ல,
ஜெராக்ஸ் கடைக்கும் வேப்பமரத்துக்கும் நடுவுல
இருபத்தாறு வருசமா பத்திரம் எழுதுதேன்.

மொதல்ல தொழில் பிழை.
தூங்குத மனுசன் கட்டைவிரலை மையில முக்கி
ராத்திரி பதினொரு மணிக்கு
மூணு மில்லையும் ஒரு பங்களாவையும் மருமக எழுதி வாங்குதா.
எந்த ஆபீசு வே தொறந்திருக்கு அந்நேரம்?
ரெண்டு சாட்சி எங்க? வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா?
இங்க அரை மரக்கா விதப்பாட்டுக்கு
ஆதார் நகல்ல மூஞ்சி தெளிவா இல்லன்னு
கல்லிடைக்குறிச்சிக்குத் திருப்பி அனுப்புதாவ.

சரி, அதை விடும்.
அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சுல்லா,
அப்பவே சொன்னேன் எங்க வீட்டுக்காரி பிரம்மசக்திகிட்ட:
இது விளம்பரத்துக்கு முந்தின காய்ச்சல்,
சோப்பு வந்து போனதும் எறங்கிரும்னு.
எறங்கிச்சு.
ஆனா எறங்குததுக்குள்ள
தாய்க்காரி மூஞ்சியை மூணு தரம் காமிச்சீரு,
தரத்துக்கு ஒரு இடி,
அடியில ஒரு வயலின் இழுத்துக்கிட்டே கெடக்கு.
கண்ணு நெறைஞ்சுட்டு எனக்கு.
வெங்காயம் உரிச்சாலும்தான் நெறையும்,
வெங்காயத்தை யாரும் எழுத்தாளர்னு சொல்லுததில்ல.

ஒண்ணு சொல்லணும், நியாயமா.
போன ஆடியில ஒரு நாள்,
புருசனும் பொண்டாட்டியும் அடுப்படியில மல்லுக்கு நிக்கையில
பாலு பொங்கி வருது.
அவ பேச்சை விடாம, திரும்பிக்கூடப் பாக்காம,
கையை நீட்டி அடுப்பை அணைச்சா.
இசை இல்ல, ஒண்ணும் இல்ல.
சோத்துல கைய வச்சவன் அப்படியே இருந்துட்டேன்.
அது நீரு எழுதினதா,
அந்தப் பொண்ணு தானாச் செஞ்சதா?
ஒம்ம எழுத்துன்னா, ஏன் வே அதுக்கப்புறம் எழுதல?

பத்திரத்துல கடைசியா நாங்க ஒரு வரி போடுவோம்:
'என் முழு மனச் சம்மதத்தின் பேரில்,
பிறருடைய தூண்டுதலோ நிர்ப்பந்தமோ இன்றி.'
ஒம்ம தொடருக்குக் கீழயும் ஒண்ணு ஓடவிடும் பாப்போம்,
இந்தக் கண்ணீர் பார்ப்பவரின் சம்மதத்தோட வந்ததுன்னு.
எத்தனை பேரு கையெழுத்துப் போடுவோம்?

இம்புட்டும் எழுதி மடிச்சு வச்சிருந்தேன்.
செவ்வாக்கிழமை முப்பிடாதி வந்தா, பத்தமடைக்காரி,
அண்ணனும் தம்பியும் ஆட்டோவுல கூட்டிட்டு வந்தாவ.
கன்னடியன் கால் பாசனத்துல அப்பன் விட்டுப்போன நஞ்சை,
மூணுல ஒரு பங்கு;
வேண்டாம்னு விடுதலைப் பத்திரம்.
கரும்புச்சாறு வாங்கிக் குடுத்தாவ, ஐஸ் போடாம.
வாசிச்சுக் காட்டினேன்.
"தூண்டுதல்னா என்னய்யா?"ன்னா.
"அது எல்லாத்துலயும் போடுததும்மா"ன்னேன்.

உள்ள மிஷின் அவ ரேகையை எடுக்கல.
பீடி இலையில தேஞ்ச விரல்.
சேலையில தொடைச்சு வச்சா. எடுக்கல.
ஈரத்துணி குடுத்தாவ. எடுக்கல.
அண்ணங்காரன் செவத்து நாள்காட்டியையே பாத்துட்டு நின்னான்.
நாலு தரம்.
ஒரு இடி இல்ல. மின்விசிறி மட்டும்.
அஞ்சாந்தரம் பச்சை லைட்டு எரிஞ்சுது.
"ஒங்களுக்கெல்லாம் நேரமாக்கிட்டேன்"னு
எல்லார்கிட்டயும், என்கிட்டயும் சொல்லிட்டுப் போனா.

எழுத்துக்கூலியை எண்ணி வாங்கினேன்.
கண்ணு காஞ்சுதான் கெடந்துது.
அன்னைக்கு எட்டரைக்கு ஒம்ம ஆளு யாரோ
ரயிலடியில யாரையோ வழியனுப்பினா.
யாருன்னுகூடத் தெரியல, நான் தேம்புதேன்.
பிரம்மசக்தி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோட கொறைச்சுட்டு
என் மூஞ்சியைப் பாத்தா.
அப்பவும் நிக்கல வே.

நாளைக்கு ரெண்டு விடுதலை இருக்கு.
ஒண்ணு முடிஞ்சுது. இன்னொண்ணுல
அந்தக் கடைசி வரி மட்டும் இன்னும் டைப் பண்ணல.