நீர் இறங்கும் மாதம்

மாசியில் டேம் வற்றும்.
முதலில் பழைய மஸ்கெலியாக் கோயிலின் தலை,
பிறகு படி, பிறகு சேறு.

அன்று அப்பா பெரட்டுக்குப் போகமாட்டார்.
படங்கை இடுப்பில் கட்டி
மட்டக்கம்பால் குத்திக் குத்திப் பார்ப்பார்.
சைக்கிள் வளையம்.
யாருடையதோ ஆண் செருப்பு.
மூடியில்லாத போத்தல்.

"எவனோடயாவது போயிருப்பா"
பொலிசில் சிங்களத்தில் எழுதினார்கள்.
பெயரையும் பிழையாக:
ஞானமலர் இல்லை, நாகமலர்.
ஆறு வருசமாக
அந்த நாகமலரைத்தான் தேடுகிறார்களாம்.

டிஸ்பென்சரிப் புத்தகத்தில் அக்காவின் கையெழுத்து இருக்கிறது.
இருமல் மருந்து, ஒரு போத்தல்.
எனக்குத்தான் இருமல்.

என்ன கிடைத்தது என்று
அம்மா கேட்பதேயில்லை.
அவர் கால் கழுவ
வாசலில் தண்ணீர் வைப்பாள்.
இரவு லயத்துத் தகரத்தில்
முதல் துளி விழுந்ததும்
எழுந்து
சூடம் கொளுத்துவாள்.