ஓடும்போதா, நிற்கும்போதா

பேஸ் அடிக்கிற ஒவ்வொரு தடவையும்
முன்விளக்கு கண்ணைச் சிமிட்டுகிறது.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் பானட்டைத் தூக்கி
மீட்டரை மாட்டினான் தன்வீர்:
பதினான்கு. அடி விழுந்ததும் பதினொன்றரை.

"இன்னொரு பேட்டரி வெச்சிடலாமா?"
ஒன்பதாயிரம். டிக்கியில் பாதி போய்விடும்,
சவாரியின் பெட்டிகளை எங்கே வைப்பேன்?

"பாலாறு மாதிரிதான். ஊத்து ஒண்ணு.
தொட்டிய ரெண்டாக்கினா தண்ணி கூடிடுமா?
வண்டி ஓடும்போது கேப்பியா, நிக்கும்போதா?"

காட்பாடி ஸ்டேஷன் வாசல்.
ரயில் தாமதமாகும் இரவுகளில்
எஞ்சினை அணைத்து, கண்ணாடி நான்கையும் ஏற்றிவிட்டு
நெஞ்செலும்பு அதிரக் கேட்பேன், தனியாக.

"ஓடும்போதுதான்" என்றேன்.

எர்த் வயரைத் தடிமனாக மாற்றினான்.
இருநூற்றெண்பது.

அன்றிரவு ஒன்றே முக்காலுக்குச் சவாரி வந்தது.
சாவியைத் திருப்பினேன்.
டிக்.
டிக்.
பெட்டியைக் கீழே வைத்துவிட்டு
அவர் தள்ளத் தொடங்கினார்.