இரண்டு மில்லிமீட்டர்

"நாக்கை வைத்துப் பார்" என்றான் கோச்சா
டைலைத் திருப்பிப் பிடித்தபடி.
குத்தைசியில் நான்காம் நாள் மழை.
கடையின் தகரக் கூரைக்குக் கீழே
கத்திக் கத்தித்தான் விலை பேச வேண்டியிருந்தது.

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வைத்தேன்.
இருபத்தாறு லரி டைல்
நாக்கைப் பிடித்துக்கொண்டது,
விட மனமில்லாத கடன்காரன் மாதிரி.
"தண்ணீர் குடிக்கிற ஜாதி" என்றான்.
"அட்டைப்பெட்டியில் போர்சலின் என்று போட்டிருக்கும்.
பெட்டிக்கு என்ன, எதை வேண்டுமானாலும் சொல்லும்."

ஐம்பத்தெட்டு லரி டைல்
நாக்கை மதிக்கவில்லை.
நூற்று நாற்பதோ
விரல் கணுவால் தட்டியதும்
தூரத்துக் கோப்பை போல ஒலித்தது.
மழைநாள் சாம்பல் நிறம்,
குறுக்கே ஒரே ஒரு வெள்ளை நரம்பு.
தினமும் எக்ஸ்ரே படம் பார்க்கிற கண் எனக்கு;
முதலில் அது எலும்பு விரிசல் என்றே பட்டது.
பிறகு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

கணக்கு எனக்கு ராத்திரியில்தான் ஓடும்.
ஒரு இரவு ஷிப்டுக்கு எழுபது லரி,
எட்டிலிருந்து எட்டு வரை.
இருபத்தாறு என்றால்
நள்ளிரவு தாண்டி அரை மணியில் ஒரு சதுர மீட்டர்.
ஐம்பத்தெட்டு,
குடித்துவிட்டு விழுந்தவர்களின் மணிக்கட்டுகளெல்லாம் முடிந்து
காலை ஆறு.
நூற்று நாற்பது, முழுசாய் இரண்டு இரவு.
சமையலறையும் நடையும் சேர்த்துப் பதினான்கு மீட்டர்.
வெட்டுக்கூலி, சேதாரம், பசை, நான் தூங்காத தூக்கம்
எல்லாம் தனி.

பிரிட்ஜுக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள்?
அங்கே இருபத்தாறு.
நடைக்கும் மற்ற இடத்துக்கும் ஐம்பத்தெட்டு.
ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே,
நான் நின்றபடியே சாப்பிட்டு முடிக்கிற இடத்துக்கு
மூன்றே மூன்று மீட்டர்
அந்த வெள்ளை நரம்பு.

கோச்சா பென்சிலைக் காதில் செருகினான்.
"மூன்று வீட்டுக்கா வாங்குகிறாய்?"

ஒட்ட வந்த மல்காஸ்
மூன்றையும் அடுக்கி, ஓரத்தை நகத்தால் வருடினான்.
எட்டு, ஒன்பது, பதினொன்று.
"கனம் வேறே வேறே, நெஸ்தான்.
பசையில் சரிக்கட்டிவிடலாம்."
சரிக்கட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும்,
மருமகள் பிரசவ வலியில் இருப்பதாகப் போன் வரும்வரை.
கடைசி வரிசையை
ஒரு கையில் போனோடு ஒட்டினான்.
பெண் குழந்தை, மூன்றரைக் கிலோ.
எனக்கு இரண்டு மில்லிமீட்டர்.

உடைத்து மறுபடி போடுவதா?
பத்து நாள் யோசித்தேன்.
பதினோராம் நாள் யோசிக்க மறந்தேன்.

மாடிவீட்டு சியாலா பூண்டு கேட்டு வந்தாள்,
செருப்பைக் கழற்றாமல்.
நடையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்:
"இத்தாலி சரக்கா? கொள்ளை விலை இருக்குமே!"
அப்படியே ஜன்னல் பக்கம் வந்து,
நரம்பின் மேல் நின்று,
குரலைத் தணித்துக் கேட்டாள்:
"இந்த இடத்துக்கு மட்டும் பற்றாமல் போய்விட்டதா?
பரவாயில்லை, ஒரு விரிப்பு போட்டால் தெரியாது."

ஆமாம் என்றேன்.
பூண்டு இரண்டாய்க் கொடுத்தேன்.

ஷிப்டு இல்லாத ராத்திரிகளில்
தண்ணீர் குடிக்க எழுந்தால்
விளக்குப் போடுவதில்லை.
வெறுங்கால், சில்லிட்ட தரை.
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு,
பெருவிரல் லேசாகத் தட்டும்.
ஏறிக்கொள்கிறேன்.
குழாயைத் திறக்கிறேன்.
பிரிட்ஜ் தன் இருபத்தாறின் மேல்
உறுமிக்கொண்டிருக்கிறது.