புனைவுச் சான்று

பீலஃபெல்டா, அப்படியோர் ஊரே கிடையாதே என்பது
ஜெர்மானியர்களின் பழைய கேலி.
அந்த இல்லாத ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில்
இருநூற்றுப் பதினான்கு ஒளிரக் காத்திருந்தேன்.
பக்கத்தில் ஒருவர் சூரியகாந்தி விதை கொறித்துத்
தோலைச் சட்டைப்பைக்குள் சேமித்தார்.

குடும்பப் பெயர்? என்றார் ஃபிராவ் ஹோல்ட்கம்ப்.
இனிஷியலை விரித்துக் காட்டினேன்.
இப்போது ஆலையில் நான் ஃபிராவ் செங்கோடன்;
கூப்பிட்டால் அப்பாவைத் தேடித் திரும்புவதை
இந்த மாதம்தான் நிறுத்தினேன்.

விசா நாளையோடு சரி. அட்டை இன்னும் அச்சில்.
அதுவரைக்கும் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று
மூன்றாய் மடித்த வெளிர்பச்சைத் தாள்.
அதன் நீளப் பெயரைப் பிரித்துப் பிரித்துத் தமிழாக்கினால்
புனைவுச் சான்று.
அனுமதி இருப்பதாகக் கருதப்படும்,
டிசம்பர் ஒன்பது வரை.

கருதப்பட்டபடியே டிராம் ஏறினேன்.
கருதப்பட்டபடியே வாடகை கட்டினேன்.
வரியை மட்டும் அசலாகவே பிடித்தார்கள்.

இரவு ஷிப்டில், புட்டிங் பொடி அடைக்கும்
நாலாம் எந்திரத்தில் சங்கிலி கழன்றது.
மாட்டும்போது சுண்டுவிரல் கிழிந்தது.
விபத்துப் பதிவேட்டை நீட்டினான் யெர்க்.
பெயர். நேரம், இரண்டு நாற்பது.
இரத்தம் வந்ததா?

ஆம்
என்று அழுத்தி எழுதினேன்,
அடுத்த தாளிலும் தெரியும்படி.